பிறக்கப்போகும் மகனுக்கு ஒரு வேர்க்கிற சூரியன்

அருமை மகனே,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். ஆனால் நீ இருக்கிறாயா என்பதே இன்னும் முடிவாகவில்லை. இதை எழுதுகிற உன் அப்பனுக்கு இப்போது பதினேழு வயது. பிளஸ் டூ பரீட்சை நெருங்கிவிட்டது. நான் விழுந்து விழுந்து படிக்கிறேன் என்று நினைத்து அம்மா டீயை வைத்துவிட்டுப் பூனைபோல் போனாள். உன் அம்மா யார், எந்த ஊர், இந்த நேரம் எந்த வகுப்பில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். இந்த வீட்டில் என் நோட்டை எல்லாரும் புரட்டுவார்கள். ஆனாலும் இது அப்பன் மகனுக்கு எழுதும் கடிதம்தான். நாளைக்கு அக்கா, அதாவது உன் அத்தை, மறுபடியும் சைப்ரஸ் தீவுக்குக் கிளம்புகிறாள். காலையிலிருந்து வீடு நிறைய ஆட்கள். வந்தவர்கள் எல்லாரும் அவளுக்குப் புத்தி சொன்னார்கள், காப்பி குடித்தார்கள், போகும்போது என் பக்கம் திரும்பி "நீ ஒழுங்கா படிடா" என்று மொய் வைப்பதுபோல் ஒன்று வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. எதிர்த்துப் பேச வாய் இல்லாத ஒரே ஆள் நீதான். பிடித்துக்கொண்டேன்.

முதலில் நீ யார் என்று தெரிந்துகொள். நீ விருத்தாசலத்துக்காரன். பழைய மலை என்று பெயர் வைத்துக்கொண்டு, கண்ணுக்கு எட்டியவரை ஒரு மேடுகூட இல்லாமல் நிமிர்ந்து நிற்கிற ஊர் இது. தன்னம்பிக்கைக்கு இதைவிட வேறு வகுப்பு வேண்டாம். நாம் பீங்கான்காரர்கள். பீங்கானை உடைக்கலாம், வளைக்க முடியாது, நானும் அப்படித்தான் என்று வகுப்பில் ஒருமுறை சொன்னேன். இயற்பியல் வாத்தியார் பிரம்பை எடுத்து இரண்டாவது பாதியைச் சோதித்துப் பார்த்தார். நன்றாகவே வளைந்தேன். அப்பாவுக்கு செராமிக் பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. உனக்கு அவர் தாத்தா, ஆனால் அவர் காதில் அந்தச் சொல் விழ வேண்டாம், இன்னும் மீசைக்கு மை பூசுகிறார். அகல் விளக்கு, ஊதுவத்தி ஸ்டாண்டு, கொலுவுக்குச் செட்டியார் பொம்மை, புது வீட்டு வாசலில் மாட்டுகிற திருஷ்டி முகம் எல்லாம் செய்கிறோம். மண்குழம்பை அச்சில் ஊற்றி, காயவைத்து, வண்ணம் தீட்டி, பேட்டையின் பொதுச் சூளையில் நம் முறை வரும்போது அடுக்கிவிட்டு வருவோம். வண்ணம் எல்லாம் நம் பட்டறையில் வேலை செய்கிற கொளஞ்சியம்மா கை. திருஷ்டி முகத்துக்குக் கண்ணை உருட்டி, மீசையை முறுக்கி, நாக்கைத் தொங்கவிடுவதில் அவரை மிஞ்ச இந்தப் பேட்டையில் ஆள் இல்லை. அவர் வரைந்த முகம் மாட்டிய வீட்டு வாசலில் கண்ணேறு என்ன, கேஸ் சிலிண்டர் போடுகிறவரே ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் படியேறுவார்.

அக்கா சைப்ரஸ் போனதற்குக் காரணம் ஒரு வடை. அவள் கேட்டரிங் முடித்துவிட்டு, வெளிநாட்டு வேலைக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்ற சமயம். அம்மா அசையவில்லை. வேப்பூரிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் நான் பட்டறையில் விளையாட்டாகப் பீங்கானில் மெதுவடை செய்திருந்தேன். நடுவில் ஓட்டை என் கைவேலை, பொன்முறுகல் நிறம் கொளஞ்சியம்மாவின் கைவேலை. அதில் ஒன்று எப்படித் தட்டில் உண்மை வடைகளோடு போய் உட்கார்ந்தது என்பதை நான் இன்றுவரை யாருக்கும் விளக்கியதில்லை. மாப்பிள்ளையின் அப்பா சரியாக அதையே எடுத்தார். கடித்தார். அவர் வாயில் இருந்தது பல்செட்டு என்பது அப்போதுதான் எங்களுக்கும் தெரிந்தது, அவர் மகனுக்கும் தெரிந்தது. "பொண்ணு கைப்பக்குவம் கொஞ்சம் கெட்டியா இருக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்தவர்கள்தான், திரும்பி வரவில்லை. அம்மா என்னைத் துடைப்பத்தோடு தெருமுனை வரை துரத்தினாள். அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று எல்லாரும் கவலைப்பட, நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வெட்கத்தில் அம்மா கொஞ்ச நாள் ஜாதகம் எடுக்கவில்லை. அந்த இடைவெளியில் அக்காவுக்கு ஏஜெண்டு மூலம் வேலை கிடைத்து, விமானமும் ஏறிவிட்டாள். மகனே, முதல் புத்திமதியை எழுதிக்கொள். யாரை ஏமாற்றுவதாக இருந்தாலும், பல் சொந்தமா என்று விசாரித்துவிட்டு ஏமாற்று.

சைப்ரஸ் மத்தியதரைக் கடலில் இருக்கிற தீவு. அக்கா இருப்பது கடற்கரையை ஒட்டிய ஒரு சின்ன ஓட்டல். முதலாளி ஒரு வயதான அம்மா. அக்கா அவரை மேடம் என்பாள், அதனால் எங்கள் பட்டறைக்கே அவர் மேடம். ஓட்டல் வாசலில் மேடத்துக்கு ஒரு கடையும் உண்டு. தீவுக்கு வந்துபோனதற்கு அடையாளமாக டூரிஸ்டுகள் வாங்கிப்போகிற சாமான்கள் அங்கே விற்கும். அக்கா பகலில் ஓட்டல் வரவேற்பில் நிற்பாள், சாயங்காலம் கடையில் நிற்பாள். கோடை முழுக்க ஓட்டல் திறந்திருக்கும், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். சீசன் உண்டென்றால் அவளுக்கு வேலை உண்டு, அவ்வளவுதான் கணக்கு. சனிக்கிழமை சாயங்காலம் அவளிடமிருந்து போன் வரும். அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டு அச்சுப் பலகைமேல் வைப்பார். மொத்தப் பட்டறையும் சைப்ரஸைச் சுற்றி உட்காரும்.

"அந்த டூரிஸ்டுங்க அங்க வந்து என்னாதான் பாப்பா செய்யிறாங்க?" என்று ஒருநாள் கொளஞ்சியம்மா கேட்டார்.

"கடற்கரையில வெயில்ல படுத்துக்குவாங்க கொளஞ்சியக்கா."

"அப்பறம்?"

"அப்பறம் திரும்பிப் படுத்துக்குவாங்க."

"அதுக்கா பிளேன் ஏறி வராங்க? அடக் கொடுமையே! சித்திர மாசம் நம்மூருக்கு வரச் சொல்லு. எங்க வூட்டு மாடியில வத்தலோட வத்தலா ரெண்டு பக்கமும் காயவெச்சு, பாக்கெட்டு போட்டு அனுப்பிவிடுறேன்."

அந்தப் பக்கம் அக்கா சிரித்த சிரிப்பில் போன் பலகையிலிருந்து நழுவியது. ஆனால் கொளஞ்சியம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. வெயிலைத் தேடிப் போவது என்பதே எங்களுக்குப் புரியாத சமாச்சாரம். கத்திரி வெயில் தொடங்கினால் நம் பட்டறை விடியும் முன்பே திறந்துவிடும். வெயில் உச்சிக்கு ஏறும்போது இழுத்துச் சாத்திவிட்டு, சாய்ந்த பிறகு மறுபடி திறப்போம். பேட்டை முழுக்க அப்படித்தான். யாரும் உத்தரவு போட்டு வந்த பழக்கமில்லை. நெருப்போடு தொழில் செய்கிறவன் நெருப்போடு மல்லுக்கு நிற்க மாட்டான், நேரத்தை மாற்றிக்கொள்வான். இந்த இடத்தில் பக்கத்தை மடித்து வைத்துக்கொள். பின்னால் வேண்டியிருக்கும்.

போன வருஷம் தை மாதம், அக்கா மேடத்திடம் பேசிப் பேசி நம் பட்டறைக்கு ஒரு ஆர்டர் வாங்கிக் கொடுத்தாள். சுவரில் மாட்டுகிற சூரியன். வட்ட முகம், சுற்றிலும் கதிர், முகத்தில் ஒரு சிரிப்பு. இதுவரை வேறெங்கிருந்தோ வாங்கி விற்றதை இந்த முறை நம்மிடம் கேட்டார்கள். படம் ஈமெயிலில் வந்தது. பிரவுசிங் சென்டரில் கலர் மை தீர்ந்திருந்ததால் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார், கொளஞ்சியம்மாவிடம் நீட்டினார்.

"கொளஞ்சி, இதப் பாரு. நம்ம திருஷ்டி மொகந்தானே?"

"அதேதாண்ணே. ஆனா எவனோ புதுசா தொழில் கத்துக்கிட்டவன் செஞ்சிருக்கான். கண்ணு உருளல. மீசையக் காணோம். நாக்கு உள்ளாரயே கெடக்குது. இதுல சிரிப்பு வேற! சிரிச்சா எந்தக் கண்ணு ஓடும்?"

"அப்பா, அது சூரியன்பா. வெயிலுக்காக வர்றவங்க வாங்கிட்டுப் போற சூரியன். சிரிக்கத்தான் செய்யணும்" என்றேன் நான்.

"சூரியனாவே இருந்துட்டுப் போவட்டும். ஊரு ஒலகமே தெனம் அண்ணாந்து பாக்குற மூஞ்சி. அதுக்குக் கண்ணு படாதா? மொத ஆர்டருடா. குடுத்தத அப்படியே செஞ்சு குடுக்கறதுக்கு நாம எதுக்கு? கொற வேலையாட்டம் இருக்குது. நாம முழுசாக்கிக் குடுப்போம், அந்தம்மா பொழைக்கட்டும்."

தப்பு செய்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்காத வேலையைச் சும்மா செய்து கொடுக்கிறோம் என்ற பெருமிதம்தான் பட்டறை முழுக்க. கண் உருண்டது. மீசை முறுக்கேறியது. நாக்கு மோவாய் வரை இறங்கியது. வாதத்தில் தோற்றால் சேட்டையில் இறங்குவது என் வழக்கம் என்பதால், நான் நீலத்தில் தூரிகையைத் தோய்த்து ஒரு சூரியனின் நெற்றியில் வேர்வைத் துளிகள் வைத்தேன். "கண்ணு படும்னா வேர்க்கவும் செய்யும்ல?" கொளஞ்சியம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "டேய் தம்பி, இப்பத்தான்டா மொகத்துக்கு உசுரு வந்துருக்குது" என்றார். பிறகு எல்லாச் சூரியனுக்கும் வேர்த்தது. நான் கேலி செய்வதற்கு இடம் கொடுக்காமல் என் கேலியையே தொழிலாக்கிவிட்டார்கள். அந்த சீசனில் சூளையில் நமக்குக் கிடைத்த முறை எல்லாவற்றிலும் அப்பா சூரியனையே அடுக்கினார். கொலுப் பொம்மை ஆர்டரைக்கூடப் பக்கத்துப் பட்டறைக்கு விட்டுக்கொடுத்தார்.

பெட்டிகள் கப்பலேறிப் போய்ச் சேர்ந்த சனிக்கிழமை, அக்கா குரலே சரியில்லை. "அப்பா, சூரியன் வந்துடுச்சு" என்றாள். "மேடம் பெட்டியப் பிரிச்சுப் பாத்துட்டு சிலுவை போட்டுக்கிட்டாங்கப்பா. எல்லாத்தையும் ஸ்டோர் ரூம்ல வெச்சுப் பூட்டிட்டாங்க." அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மை பூசிய மீசை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பூசியதுபோல் தெரிந்தது. சூரியன் விற்காவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது. சிபாரிசு செய்த அக்காவுக்கும் அடுத்த சீசன் வேலை கிடையாது. திரும்பி வந்துவிடுவாள். அம்மா ஜாதகக் கட்டை எடுத்துத் தூசி தட்டினாள். அடுத்த வடைத் தட்டு கண்ணில் தெரிந்தது, அதில் பீங்கான் வடைக்கு இடமில்லை என்பதும் தெரிந்தது.

அந்தக் கோடை அங்கே வேறு மாதிரி இருந்ததாக அக்கா சொன்னாள். மழை பொய்த்து அணைகளில் தண்ணீர் இல்லை. தீவுக்குக் குடிதண்ணீர் கப்பலில் வந்ததாம். சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு கப்பலில் தண்ணீர் வாங்குவதை யோசித்துப் பார். நம் தெருவில் லாரிக்குக் குடம் வைத்தவர்கள் அங்கே கப்பலுக்கு வைக்க வேண்டியதுதான். குளியலறையில் தண்ணீரைச் சிக்கனமாகப் பிடியுங்கள் என்று ஓட்டலில் எழுதி ஒட்டினார்கள். வெயிலில் படுக்க வந்தவர்கள் ஏசி அறையை விட்டு வெளியே வரவில்லை. நடுப்பகலில் கடற்கரை காலி. சுற்றுலாவில் உலா போய்விட்டது, தலைக்கு மேலே ஃபேனின் சுற்று மட்டும் மிஞ்சியது. கடையில் பழைய சரக்கான சிரிக்கிற சூரியன்கள் அலமாரியில் அப்படியே தொங்கின. தோலை உரித்தவன் படத்தை யார் வாங்கி நடு ஹாலில் மாட்டுவார்கள்?

அப்போதுதான் ஒரு வெள்ளைக்கார அம்மா, வேகவைத்த இறால் நிறத்தில், தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குள் வந்தார். அக்கா குளிர்ந்த பாட்டில் எடுக்க ஸ்டோர் ரூமைத் திறந்தாள். உள்ளே நம் சூரியன் கண்ணை உருட்டி, நாக்கைத் தொங்கப்போட்டு, வேர்த்து விறுவிறுத்து நின்றது. அந்த அம்மா அதைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாராம். "ஒரு வாரமா நான் பாக்குற சூரியன் இதுதான்" என்று சொல்லி ஒன்று வாங்கினார். மறுநாள் தன் கூட்டத்தையே கூட்டிவந்தார். கோடை முடியும் முன் பெட்டிகள் காலி. மேடம் அக்காவைக் கூப்பிட்டு, வரும் வருஷத்துக்கும் வேலை உண்டு, வேர்க்கிற சூரியன் இன்னும் வேண்டும், எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்றாராம்.

அப்பாவை நீ அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். "சொன்னேனில்ல? நாக்கு இல்லாம வியாபாரம் ஆவாது" என்று பேட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மங்கலம்பேட்டைக் கடைக்காரர் அகல் கேட்டு வந்தபோது, "இப்ப நாங்க எக்ஸ்போர்ட்டு மட்டுந்தான் பாய்" என்றார். பொங்கலுக்கு அக்கா லீவில் வந்ததும் திட்டத்தை விரித்தார். வருஷம் முழுக்கச் சூரியன். வேறு எதுவும் இல்லை. அக்கா இலையில் சோற்றைப் பிசைந்தபடியே தலையை ஆட்டினாள். ஆமோதிக்கிற ஆட்டம் இல்லை.

"அப்பா, இந்த வருஷம் ஆகஸ்டுக்கு புக்கிங்கே சரியா இல்ல. வழக்கமா வர்ற குடும்பங்க எல்லாம் ஏப்ரல்ல எடம் இருக்குதா, அக்டோபர்ல இருக்குதான்னு கேக்குறாங்க. வெயில் இனிமே ஏறிக்கிட்டேதான் போவும், மழை கொறையும்னு அங்க டிவில தெனம் பேசுறாங்க. மேடம் மட்டும் ஒரு வருஷம் அப்படி ஆயிடுச்சு, சரியாப் போயிடும்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க."

"வெயிலு ஏறுனா நமக்கு நல்லதுதானேடீ? வேர்க்கற சூரியன் இன்னும் நல்லாப் போவும்."

மகனே, இந்த இடத்தில் உன் அப்பனுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பிடிபட்டது. சேட்டை என் துறை. அதில் என்னைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேலி என்பது உண்மையிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றால்தான் சிரிப்பு வரும். சூரியனுக்கே வேர்க்கிறது என்பது ஒரு சாண் அதிகம், அதனால் அந்த அம்மா தரையில் உட்கார்ந்து சிரித்தார். அந்த ஒரு சாணையும் வெயில் தின்றுவிட்டால்?

"அப்பா, லேசா ஜுரம் அடிக்கிறவன்கிட்ட ஜுரத்தப் பத்தி ஜோக்கு சொன்னா சிரிப்பான். நல்லாக் கொதிக்கறப்ப சொன்னா அடிப்பான். இன்னும் ஏறுச்சுன்னா அடிக்கக்கூட ஆளு இருக்க மாட்டான், ஊட்டியப் பாத்துக் கெளம்பியிருப்பான். அப்ப யார்கிட்ட விக்கிறது?"

"இவனுக்கு வாயி மட்டும் இல்லன்னா நாயி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றார் அப்பா. ஆனால் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. பிறகு மெதுவாக, "அப்ப அந்தம்மா ஓட்டல இழுத்து மூடிட வேண்டியதுதானா? ஒன் அக்கா வேல?" என்றார்.

அதுவரை ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கரண்டியை நிமிர்த்தினாள். "ஏங்க, கத்திரி வெயில்ல நம்ம பட்டறைய இழுத்து மூடிட்டா உக்காந்துருக்கோம்? விடிகாலைல தெறக்கறீங்க, உச்சியில சாத்தறீங்க, சாயங்காலம் திரும்பத் தெறக்கறீங்க. அந்த மேடமும் அப்படி மாத்திக்கிட்டா என்னா கொறஞ்சு போவுது?"

"அது ஒரு நாளைக்கும்மா. இது சீசனு" என்றேன்.

"நாளுக்கு ஒரு உச்சி இருந்தா வருசத்துக்கு ஒரு உச்சி இருக்காதா?"

அக்கா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டாள். ஆகஸ்ட் வருஷத்தின் உச்சிவெயில். ஏப்ரலும் மேயும் விடிகாலை. அக்டோபரும் நவம்பரும் வெயில் தாழ்ந்த நேரம். உச்சியில் சாத்து, மற்ற நேரம் திற. நம் பேட்டையில் யாரும் பேசக்கூட வேண்டியில்லாத ஒரு பழக்கம், கடல் தாண்டி ஒரு ஓட்டலுக்குப் போதுமானதாக இருந்தது. குளிர்காலத்தில் அந்த ஊருக்குப் பக்கத்து உப்பு ஏரிக்குப் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வரும், மலைப்பக்கம் பூ பூக்கும், அதைப் பார்க்க வருகிறவர்கள் தங்க இடம் தேடி அலைகிறார்கள், மேடம் அப்போது பூட்டுப் போட்டுக்கொண்டு தூங்குகிறார் என்று அக்கா கொட்டித் தீர்த்தாள். பூநாரை வருவதற்கும் ஏரியில் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு மழை வேண்டும், அதுவும் உறுதியில்லைதான் என்றும் சொன்னாள். எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது.

அடுத்த நாளே கொளஞ்சியம்மா மாதிரிக்கு ஒரு பூநாரை செய்தார். கொக்குக்கு ரோஸ் பவுடர் அடித்தது மாதிரி வந்தது. கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டும் வைத்திருந்தார். "இம்மாம் அழகா இருக்குது, கண்ணு படாதா?" அப்பா வழக்கம்போல் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மீசை வேணாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து கத்தினோம். ஆனால் சூரியனுக்கு என்று வைத்த சூளை முறையைப் பறவைக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ரெண்டு நாள் பூநாரை இருந்த பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் சூளையடியில் சூரியன்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று என்னைக் கூப்பிட்டார். சூரியனைச் சுற்றிக் கதிர் இருப்பதால் ஒன்றுக்கொன்று நடுவில் சந்து விழும். அந்தச் சந்தில் ஒரு பூநாரையை நிற்கவைத்தார். கழுத்து கச்சிதமாக இரண்டு கதிருக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. "இந்த வருசம் பறவை சந்துல வேவட்டும். ஒன் அக்கா சொல்றாப்புல ஆளு வந்தாங்கன்னா, அடுத்த வருசம் பறவை தட்டுல, சூரியன் சந்துல" என்றார். தோற்றதாக ஒத்துக்கொள்ளாமல் தோற்பது எப்படி என்று அவரிடம்தான் கற்க வேண்டும்.

அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கூடுதல் நெருப்பு வேண்டாம். இதை நான் சும்மா சொல்லவில்லை. என் தலைக்கு மேலே ஓடுகிற இந்த ஃபேனுக்கு வருகிற கரண்டு கம்மாபுரம் பக்கம் வயலைத் தோண்டி எடுக்கிற பழுப்பு நிலக்கரியிலிருந்து வருகிறது. நம் சூளையும் புகை விடாமல் வேகாது. அந்த வெள்ளைக்கார அம்மா வந்த விமானமும் தண்ணீர் ஊற்றி ஓடுவதில்லை. சூரியன் நெற்றியில் நான் வைத்த துளிகளில் ஒன்றிரண்டு நம் கணக்கில் வரும். அதற்காகத் தலையில் துண்டு போட்டு உட்காருகிற ஆள் நான் இல்லை. சந்து பார்த்து அடுக்குகிற ஆள். உனக்கும் அதைத்தான் சொல்வேன். எந்தத் தொழிலுக்குப் போனாலும், எரிகிற நெருப்பில் எங்கே இடம் வீணாகிறது என்று பார்.

இன்றைக்குக் காலையில் மேடத்தின் ஈமெயில் வந்தது. அக்கா பெட்டி கட்டுவதை விட்டுவிட்டு பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் படித்துவிட்டு ஓடிவந்தாள். ஆகஸ்டை மூட மாட்டேன், என் அம்மா காலத்திலிருந்து ஆகஸ்டில்தான் இந்த ஓட்டல் ஓட்டல் என்று எழுதியிருக்கிறார். ஆகஸ்டு விஷயத்தில் தாமதமாகத்தான் வளைவார் போலிருக்கிறது, அவரும் நம் ஜாதி, பீங்கான். ஆனால் இந்த முறை நவம்பரில் மூடாமல் பார்க்கிறேன், நீ இருந்து நடத்து, பறவைகளை அனுப்பச் சொல் என்றும் எழுதியிருக்கிறார். ஆக, அக்காவுக்குக் குளிர்காலத்திலும் வேலை. அம்மா ஜாதகக் கட்டை மறுபடி மேலே வைத்துவிட்டாள். வைக்கும்போது என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பாசமும் நிறையத் துடைப்பமும் இருந்தது.

அந்த ஜாதகத்துக்குப் பக்கத்தில், பரண்மேல், உனக்கென்று ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். உள்ளே மிச்சமான வடைகள் இருக்கின்றன, அவை உன் சொந்த உபயோகத்துக்கு. வைக்கோலில் சுற்றி இன்னொன்றும் இருக்கிறது. நான் முதன்முதலில் துளி வைத்த சூரியன். ஒரு கதிர் முனை உடைந்ததால் கப்பல் ஏறவில்லை, என்னோடு தங்கிவிட்டது. நீ சம்பாதிக்கத் தொடங்கியதும் அதை எடுத்துக்கொண்டு உன் அத்தையின் தீவுக்குப் போ. ஏப்ரலில் போ, இல்லையென்றால் நவம்பரில் போ. ஏரியில் பூநாரை நிற்கிறதா பார். மேடத்தின் ஓட்டல் இருக்கும். அதை அப்போது உன் அத்தை நடத்திக்கொண்டிருப்பாள், வேண்டுமானால் எழுதி வாங்கிக்கொள். பிறகு கடற்கரையில் முகம் தெரியாத யாரிடமாவது இந்தச் சூரியனைக் காட்டு.

அவர் சிரித்தால், அந்த ஒரு சாண் இன்னும் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். அதைக் காப்பாற்ற இங்கேயும் அங்கேயும் பலர் நேரத்தை மாற்றி, சந்து பார்த்து அடுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர் சிரிப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒருவேளை, அவர் அதைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "இவ்வளவு கொஞ்சமாகவா வேர்க்கிறது?" என்று கேட்டால், பயப்படாதே. வாதம் செய்யாதே. சூரியனைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஊருக்கு வா. எனக்கு அப்போது எத்தனை வயதானாலும் சரி, பட்டறையை இன்னும் கொஞ்சம் முன்னால் திறப்போம். நீல வண்ணமும் தூரிகையும் நான் எடுத்து வைக்கிறேன். துளிகளை இந்த முறை நீ வை.

உன்னை இன்னும் பார்க்காத,
ஆனால் உன் வாய் எப்படி இருக்கும் என்று இப்போதே தெரிந்த
அப்பா